மீண்டும் வரும் சுரமும் பரிசோதனைச் சீட்டும்



லாலாகுடாவின் ரயில்வே குடியிருப்புகளில் ஒரு சுரம் வந்து போய், மாதம் திரும்புமுன் மறுபடியும் வந்தால், நோயைக் காட்டிலும் பரிசோதனைச் சீட்டே வீட்டாரை வாட்டுகின்றது. ஒரு சீட்டு ‘உண்டு’ என்கிறது. மற்றொன்று ‘இல்லை’ என்கிறது. எதை நம்புவது?

பகவன் புத்தர் துன்பத்தை இரண்டு அம்புகளாகப் பிரித்துக் காட்டினார். உடலில் தைப்பது முதலம்பு. அதனை எண்ணியெண்ணி உள்ளம் தனக்குத் தானே தைத்துக்கொள்வது இரண்டாமம்பு. நள்ளிரவில் சீட்டை விளக்கடியில் பிடித்துக் கலங்குவது இவ்விரண்டாமம்பே. ஆயினும் சீட்டை ஐயுறுதலே தவறென்று நாம் சொல்லோம். ஆராயாது எதனையும் ஏற்காதீர் என்று காலாமர்க்குப் போதித்தவரும் அவரேயன்றோ? ஐயம் கேள்வியாக மாறவேண்டும், கலக்கமாக மாறலாகாது.

‘இல்லை’ என்பதன் பொருளை நம் அண்டையிலேயே அறியலாம். ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் 1895இல் சிக்கந்தராபாத்தில் தொடங்கிக் கொசுக்களை அறுத்தறுத்துப் பார்த்தார். மலேரியாக் கிருமி அகப்படவில்லை. அறுத்தவை வேற்றினக் கொசுக்கள்! அனாபிலிஸ் இனக் கொசு கிடைத்த பின்னரே, 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், பேகம்பேட்டையில் அதைக் கண்டார். அதுவரை ‘காணவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகிவிடவில்லை.

‘உண்டு’ என்பதும் அத்தகையதே. டைபாய்டுக்காக 1896இல் பாரிசில் விடால் என்பவர் வெளியிட்ட சோதனை கிருமியைத் தேடுவதன்று. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுவது. என்றோ வந்த டைபாய்டாலும், தடுப்பூசியாலும் அப்பொருள் இரத்தத்தில் இருக்கலாம்; நோயின் முதல் வாரத்தில் இல்லாமலும் போகலாம். ஆகவே அச்சீட்டு ஒரு சாட்சி, நீதிபதியன்று. காசநோய்க்கு இவ்வாறே எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தச் சோதனைகள் பெரிதும் பிழைபட்டமையால், 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. அதற்குமுன் அவற்றிற்குக் காசு கொடுத்தோருள் கூலிக்காரர் எத்தனை பேரோ!

ஆலையில் ஒரே கதிரில் இழை மீண்டும் மீண்டும் அறுந்தால், முடிச்சிட்டு நகர்பவன் தொழிலறிந்தவனல்லன். கதிரை நிறுத்திப் பார்ப்பவனே தொழிலறிந்தவன். திரும்பத் திரும்ப வரும் சுரத்தையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். டாக்டரிடம் அஞ்சாது கேளுங்கள். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யலாமா? மருந்து தொடங்குமுன்னரே இரத்தம் எடுக்கலாமா? மருந்துண்ட பின் எடுத்தால், கிருமி இருந்தும் வளராமற் போகலாம். இரண்டாம் முறை எப்போது பார்ப்பது? சர்க்கரை நோய் உண்டாவென்று சோதிக்க வேண்டுமா? குடிக்கும் நீரில் சாக்கடை கலக்கிறதா என்பதை நீங்களே தெருக்குழாயடியில் சென்று பாருங்கள்.

கடையில் கேட்டு வாங்கிப் பாதியில் நிறுத்திய மாத்திரைகளை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பழைய சீட்டுகளைக் கிழித்தெறியாமல், நாள் வரிசையில் அடுக்கிக் கொண்டு செல்லுங்கள்.