விற்றபின் எஞ்சும் கடமை

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவனே அதன் உடைமையாளன் என்பது வணிகத்தின் பழைய விதி. கைத்தொலைபேசி அவ்விதியை ஐயத்துக்குள்ளாக்கியுள்ளது. கருவி நம் கையிலிருப்பினும், அதனை இயக்கும் மென்பொருளை மாற்றும் ஆற்றல் விற்றவனிடமே தங்கிவிடுகிறது.

2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் மாற்றமொன்று, மின்கலம் நலிந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறுவனம் இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவில் 79 டொலராயிருந்த மின்கல மாற்றுக் கட்டணத்தைத் தற்காலிகமாக 29 டொலராக்கியது. பாவனையாளருக்கு அறிவிக்கத் தவறியமைக்காக 2020இல் பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது.

நலிந்த மின்கலம் போதிய மின்னை அளிக்க இயலாதவிடத்துக் கருவி திடீரென அணைந்துவிடும். அதனைத் தடுக்கவே இவ்வாறு செய்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். இக்காரணம் ஏற்கத்தக்கதே. ஆயின், நன்மை செய்தவன் அதனை ஏன் முன்னரே கூறவில்லை? மருந்து நல்லதாயினும் நோயாளி அறியாது ஊட்டுதல் முறையாகாது. வேகம் குறைந்த காரணத்தை அறிந்தவன் மின்கலத்தை மாற்றுவான். அறியாதவனோ கருவி முதுமையுற்றதெனக் கருதிப் புதியதை வாங்குவான். தேர்ந்து முடிவு செய்யும் அவனது உரிமையை அந்த மௌனம் பறித்துவிட்டது.

இத்தகைய மாற்றங்களே வேண்டாமென்பது நம் கருத்தன்று. பாதுகாப்புக் குறைகளைத் திருத்த அவை இன்றியமையாதன. விற்ற பொருளில் மீண்டும் கைவைக்கும் உரிமையைக் கோருவோன், சொல்லிச் செய்யும் கடமையையும் ஏற்றல் வேண்டும். அக்கடமையை அவன் மறுக்குமிடத்து விற்பனை என்னும் சொல்லே பொருளிழந்துவிடுகிறது.