தசமப் புள்ளிக்குப் பின்

1945 ஆகஸ்டுக்குப் பின் உலகத்தின் கடல்கள் சட்டென்று 0.3 டிகிரி போலக் குளிர்ந்துவிட்டதாகப் பதிவேடுகள் வெகுகாலம் சொல்லிவந்தன. அந்தத் தேதியைப் பார்த்தால் பெரிய காரணங்களைத் தேடத்தான் தோன்றும். 2008ல் டேவிட் தாம்ஸனும் அவர் சகாக்களும் ‘நேச்சர்’ பத்திரிகையில் தந்த விளக்கம் மிக அற்பமானது. போரின் கடைசி வருஷங்களில் கடலின் உஷ்ணத்தைக் குறித்தவை பெரும்பாலும் அமெரிக்கக் கப்பல்கள். இயந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை இயந்திர அறையிலேயே அளந்தார்கள். அறையின் சூடும் அதில் கொஞ்சம் சேர்ந்தது. போர் முடிந்ததும் குறிப்புகளில் பாதியளவு பிரிட்டிஷ் கப்பல்களுடையதாக ஆயிற்று. இவர்கள் கயிற்றில் வாளியை இறக்கி, நீரை மொண்டு, மேல்தளத்தில் வைத்து அளந்தவர்கள். காற்றுப்பட்டு வாளித் தண்ணீர் ஆறிவிடும். ஒருவர் எண் சற்று மேலே, மற்றவர் எண் சற்றுக் கீழே. இருவரும் கண்டதைத்தான் எழுதினார்கள்.

நான் வங்கிக் குமாஸ்தா. கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்குக் கடல்நீரோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வரிசையாகக் கொடிகள் பறக்கும் மண்டபங்கள்; பிறகு, ‘மானுடம் ஒன்று’ என்று எழுதிவிடுவதில் நம் கவிஞர்கள் சிலருக்குள்ள சுலபம். இந்த வாளி விஷயத்தைப் படித்தபின் அந்தச் சுலபத்தின் மேல் என் சந்தேகம் கூடியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் எழுதிய எண்ணை இன்னொருவன் நம்பிக் கூட்டுகிறானே, அந்தக் காரியத்தில் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்? என் அன்றாடப் பிழைப்பும் அதுதான் என்பதால் இக்கேள்வி என்னை விடவில்லை.

1853ல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கடலில் காற்று, நீரோட்டம், உஷ்ணம் முதலியவற்றை எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரியான படிவத்தில் குறிப்பது என்று முடிவு செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் அமெரிக்கக் கடற்படையின் மோரி. போரில் ஒரு கப்பல் பிடிபட்டாலும் அந்தக் குறிப்பேடு மட்டும் புனிதமாகக் கருதப்படவேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள். எதிரியின் சரக்கைக் கொள்ளையிடலாம், அவன் எழுதிவைத்த உஷ்ணத்தைத் தொடக்கூடாது! எட்டு வருஷம் கழித்து உள்நாட்டுப் போர் மூண்டபோது இதே மோரி தென்மாநிலங்களின் பக்கம் போய், கப்பல்களைத் தகர்க்கும் கண்ணிவெடிகள் தயாரித்தார். இதனால் பிரஸ்ஸல்ஸ் பொய்யாகிவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஒத்துழைப்புக்கு நல்ல மனிதர்கள் தேவைப்படவில்லை, நல்ல படிவம் தேவைப்பட்டது என்பதுதான் இதில் எனக்குப் படும் விசித்திரம்.

ஆனால் படிவம் போதுமா? கோபே கடல் வானிலை ஆய்வகத்தில் சேர்ந்த ஜப்பானியக் கப்பல் குறிப்பேடுகள் 1890லிருந்து தொடங்குபவை. இவற்றின் பிந்திய பகுதி, போருக்குப் பின் அமெரிக்க விமானப்படையின் உபயோகத்துக்காகத் துளை அட்டைகளில் ஏறியபோது, தசமத்தை வெட்டி முழு டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 26.1ம் 26தான், 26.9ம் 26தான். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோயிருந்தால் மேலும் கீழுமாகச் சரிக்கட்டிப் போயிருக்கும். பைசாவோடு மல்லுக்கட்டும் எந்தக் குமாஸ்தாவுக்கும் இது தெரியும். வெட்டினால் எல்லாம் ஒரே பக்கம், கீழ்ப்பக்கம்தான் சாயும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மற்றக் கடல்கள் சூடேறிக்கொண்டிருக்க, வடமேற்குப் பசிபிக் மட்டும் குளிர்ந்ததாகத் தோன்றியதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று 2019ல் டுவோ சான், பீட்டர் ஹைபர்ஸ் முதலியோர் காட்டினார்கள்.

அட்டையில் துளையிட்டவனைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இடத்தை மிச்சப்படுத்தவோ வேலையை மிச்சப்படுத்தவோ அவனுக்கு அப்படி உத்தரவாகியிருக்கும். அவன் குற்றவாளியா? உத்தேசத்தை வைத்து நியாயம் சொல்வது நம் வழக்கம். அந்த அளவுகோலில் அவன் நிரபராதி. ஆனால் அறுபது வருஷம் கழித்து ஒருவன் அந்த எண்ணைப் படிக்கப்போகிறான். அவனுக்கு இவன் உத்தேசத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ‘வெட்டினேன்’ என்ற ஒரு வார்த்தைதான் வேண்டும்.

எனக்கும் இப்படி ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் என் ரொக்கத்தில் இருநூறு ரூபாய் அதிகம் வந்தது. முறைப்படி அதை சஸ்பென்ஸ் கணக்கில் எழுத வேண்டும், எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு நோட்டை எடுத்து மேஜை டிராயரில் போட்டேன். திருடும் எண்ணம் இல்லை. கணக்கு டாலி ஆயிற்று. அடுத்த வாரம் முதியோர் பென்ஷன் வாங்கும் ஒரு கிழவி வந்து, அன்று இருநூறு குறைந்தது சாமி என்றாள். அன்றைய பதிவில் வித்தியாசம் எதுவும் இல்லை, ஆகவே அவளுடைய நஷ்டமும் இல்லை. என் சுத்தமான எண் அவளைப் பொய்யாக்கியிருந்தது. டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் என் கைக்காசைத் தருவதாக நினைத்து அவள் கும்பிட்டாள். நானும் திருத்தவில்லை.

எங்கள் கிளையின் பழைய லெட்ஜர்களில் தப்பை அழிப்பதில்லை. கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு, மேலே சரியான தொகை, பக்கத்தில் சிறுகையெழுத்து. இன்று சுமார் நாலாயிரம் ஆர்கோ மிதவைகள் பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழும்பி உஷ்ணத்தையும் உப்பையும் சொல்லிவிட்டு மறுபடி மூழ்குகின்றன. இந்தியாவும் மிதவைகள் விட்டிருக்கிறது. ஹைதராபாத்திலும் கணக்குப் பார்க்கிறார்கள். உப்பை அளக்கும் கருவி நாளடைவில் பிசகுவதுண்டு. பிற்பாடு திருத்துகிறார்கள், ஆனால் மிதவை முதலில் சொன்ன எண்ணும் திருத்திய எண்ணும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, எது எவ்வளவு நம்பத்தக்கது என்ற குறியோடு. லெட்ஜர் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல.

கரையோர நாட்டின் சம்மதமில்லாமல் அதன் இருநூறு மைலுக்குள் ஆராய்ச்சி கூடாது என்கிறது 1982ன் கடற்சட்டம். விஞ்ஞானிகள் சிலர் இதை அற்பத்தனம் என்று அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நீரின் உஷ்ண அடுக்குகள் தெரிந்தவனுக்கு நீர்மூழ்கியை எங்கே ஒளிக்கலாம் என்பதும் தெரியும்.

வாளியின் பிசகையும் வெட்டிய தசமத்தையும் கண்டுபிடிக்க முடிந்ததே, ஒவ்வொரு எண்ணோடும் அது எந்த நாட்டுக் கப்பலுடையது, எந்த அட்டைக் கட்டில் வந்தது என்பதும் கூடவே இருந்ததால்தான். கடல் ஒன்றுதானே என்று யாராவது அந்த அடையாளங்களைத் துடைத்திருந்தால் பசிபிக் இன்னும் குளிர்ந்துகொண்டே இருக்கும். ‘மானுடம் ஒன்று’ கவிஞர்களோடு எனக்குள்ள சண்டையும் இதுதான். ஆனாலும் அவர்கள் திருத்தியது சராசரியை. ஏதோ ஒரு காலையில் ஜப்பானிய மாலுமி ஒருவன் பாதரசத்தில் கண்ட பத்தில் ஏழோ எட்டோ அந்த அட்டைகளில் எங்கும் இல்லை.

கிழவி இப்போதும் மாதாமாதம் வருகிறாள். மற்ற கவுண்டர்களில் வாங்கினால் அங்கேயே நின்று இரண்டு தடவை எண்ணுகிறாள். என்னிடம் வாங்கினால் எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள்.