இரு சாட்சிகள்

சீடன்: ஐயா, ஐந்து உறுப்புள்ள சுழற்குலத்தின் மேல் முழுக்களைக் கொண்டு வளையம் கட்டினோம். அதில் நேர்மாறு உள்ளவை குலத்தின் உறுப்புகளும் அவற்றின் எதிர்க்குறிகளும், ஆகப் பத்துதானே?

குரு: பெருக்கிப் பார்க்காமல் சொல்லாதே. பிறப்பாக்கி அ; அ⁵ = 1. அ + அ⁴ − 1 என்பதை அ² + அ³ − 1 ஆல் பெருக்கு.

சீடன்: எல்லாம் அடிபட்டு 1 மட்டும் நிற்கிறது!

குரு: இனி அதன் அடுக்குகளை எண்ணு.

சீடன்: முடிவே இல்லையா? ஐந்து உறுப்புக்குள் முடிவிலி எப்படிப் புகுந்தது?

குரு: அ-வுக்குப் பதில், 72 பாகையில் நிற்கும் ஒன்றின் ஐந்தாம் மூலத்தை இடு. −0.382 வரும். குறியை விட்டால், பொன் விகிதத்தின் வர்க்கத்தைத் தலைகீழாக்கிய எண் அது. அதை எத்தனை முறை பெருக்கினாலும் 1 திரும்பாது.

சீடன்: பொன் விகிதமே வந்திருக்கலாமே. ஏன் வர்க்கம்?

குரு: நல்ல இடத்தில் நின்று கேட்டாய். இந்த வளையத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு சாட்சிகள். அ-வுக்கு 1 இட்டால் கிடைக்கும் முழு ஒன்று. ஐந்தாம் மூலத்தை இட்டால் கிடைக்கும் எண் மற்றொன்று. 5-ஆல் வகுத்த மீதியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். நேர்மாறு இருந்தால் முதல் சாட்சி 1 அல்லது −1 மட்டுமே சொல்லும். பொன் விகிதத்தின் வர்க்கம் அதனோடு 1 சேர்ந்தது. 5-இன் மீதியில் அப்படி நடப்பது எந்த எண்?

சீடன்: 3. அதன் வர்க்கம் 9, மீதி 4. 3 + 1 உம் 4.

குரு: 3 என்பது 1-உம் அல்ல, −1-உம் அல்ல. ஆகவே பொன் விகிதம் உள்ளே வர முடியாது. 4 என்பதோ −1 தான்; வர்க்கத்துக்கு வழி திறந்தது.

சீடன்: நேர்மாறு உள்ளவற்றிலிருந்து முதலில் சொன்ன அந்தப் பத்தையும் கழித்தால்?

குரு: மிஞ்சுவதுதான் ஒயிட்ஹெட் குலம், இங்கே அது முழுக்களின் குலமே. ஒரு வடிவத்தை இன்னொன்றாக வளைக்க முடிந்தும், சிறு சிறு ஒட்டுதலாலும் மடக்குதலாலும் மட்டும் மாற்ற முடியாதபோது, அந்தத் தடையை அளக்க 1950-இல் ஜே. எச். சி. ஒயிட்ஹெட் இதை வைத்தார். சுழற்குலத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை 1, 2, 3, 4 அல்லது 6 என்றால் எதுவும் மிஞ்சாது.

சீடன்: தனி உறுப்புக்குப் பதில், இத்தகைய வளையத்தின் உறுப்புகளால் ஆன நேர்மாறுள்ள அணிகளை எடுத்தால், அவற்றை அறிய அணிக்கோவை ஒன்றே போதுமா?

குரு: சுழற்குலங்களில் போதும். மூன்று உறுப்புச் சுழற்குலத்தின் மூன்று படிகளைப் பெருக்கிய 27 உறுப்புக் குலத்தில் போதாது. அணிக்கோவை 1 ஆக இருந்தும், வரிசைச் செயல்களால் அலகு அணிக்குக் கொண்டுவர முடியாத அணிகள் அங்கே உண்டு.

சீடன்: அங்கே சாட்சி யார், ஐயா?

குரு: இந்த அணிகளை வரிசைச் செயல்களால் வகைப்படுத்தும் குலத்துக்குக் கே-ஒன்று என்று பெயர்; அதில் இருந்துகொண்டு காண முடியாது. ஒரு படி ஏறி, அதற்கு அடுத்த குலமான கே-இரண்டில் தேட வேண்டும். பலகையைத் துடை.