மறுக்கும் உரிமை

ஒருபாலீர்ப்பாளர்களை இழித்துப் பேசும் கட்சியில் ஒருபாலீர்ப்பாளர் ஒருவர் ஏன் இருக்க வேண்டும்? அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குள் இயங்கும் ‘லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ்’ அமைப்பினரிடம் பல்லாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் ‘துரோகிகள்’ என்ற விடையையும் கையோடு கொண்டுவருகிறார்கள். அவ்வளவு சுலபமாகத் தீரும் வழக்கல்ல இது.

ஒருபாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்ற முன்மொழிவு 1978இல் கலிபோர்னிய மக்களின் வாக்கெடுப்புக்கு வந்தது. கொண்டுவந்த ஜான் பிரிக்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். பகிரங்கமாக எதிர்த்த ரொனால்ட் ரீகனும் அதே கட்சிதான். முன்மொழிவு தோற்றது. அந்தப் போராட்டச் சூட்டில் பிறந்த அமைப்புதான் லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ். ஊரார் சொல்லிக் கேட்காதவர்கள் வீட்டார் சொன்னால் கேட்பார்கள் என்பது அதன் கணக்கு.

வீட்டாரும் எல்லா நேரமும் கேட்டுவிடவில்லை. 1995இல், கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற பாப் டோலின் தேர்தல் குழு, இவர்கள் தந்த 1,000 டாலர் நன்கொடையைத் திருப்பி அனுப்பியது. காசுக்கும் தீட்டு! அது தவறு என்று டோல் பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் இவர்கள் வெறுமனே பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. ஒருபால் திருமணத்தைத் தடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றார் அதிபர் புஷ். 2004 தேர்தலில் அவரை ஆதரிக்க அமைப்பு மறுத்தது. தம் ஒருபாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்பவர்களை ராணுவத்திலிருந்து விலக்கிய சட்டத்தை எதிர்த்து அதே ஆண்டில் வழக்கும் தொடுத்தது. அந்தச் சட்டம் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் காலத்தது. நீதிமன்றத்தில் அதற்காக வாதாடியவை புஷ் அரசும், பிறகு ஒபாமா அரசும். 2010இல் அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துரோகிகள் என்று ஏசுபவர்கள் இந்த வழக்கை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

உள்ளே இருப்பது குற்றமல்ல. உள்ளே இருந்துகொண்டு மறுக்கும் உரிமையைக் கைவிடுவதில்தான் சிக்கல். திருநர்கள் ராணுவத்தில் சேரத் தடை என்று டிரம்ப் 2017இல் அறிவித்தார். அதன் பிறகும் 2019இல் அமைப்பு அவருக்கு ஆதரவளித்தது. அதை எதிர்த்துச் சிலர் விலகினர். 2024இல், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற வரி கட்சியின் கொள்கை அறிக்கையிலிருந்து காணாமல்போனது. நீண்ட பொறுமையின் பலன் என்கிறார்கள் ஆதரவாளர்கள். ஓரளவு இருக்கலாம். ஆனால் அதற்கான விலையில் ஒரு பங்கைத் திருநர்கள் கொடுத்தார்கள். பேரம் நடந்த அறையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

தனக்கு நேரும் அவமதிப்பைப் பொறுத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. வேலை பறிபோகும் இன்னொருவரின் சார்பில் பொறுத்துக்கொள்ள இல்லை. 2004இல் அந்த அமைப்பு செய்தது சரி; 2019இல் செய்தது பிழை.