நீரின் நோய்

நோயுற்ற உயிருக்கு மருந்து கொடுப்பது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நோயை விளைத்த சூழலை அப்படியே விட்டுவிட்டு மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது அறமாகுமா? இக்கேள்வி தத்துவ நூல்களிலே மட்டும் எழுவதன்று. கண்ணாடிப் போத்தலிலே வளரும் ஒரு சிறு மீனும் இதை நம் முன் வைக்கிறது.

அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே மாணவர் சிலர் 'பைட்டர்' மீன் வளர்க்கிறார்கள். வாங்கி வந்த மீனை ஒரு ஜாம் போத்தலில் விட்டுச் சன்னலோரத்தில் வைத்துவிடுகிறார்கள். சில வாரங்களிலே அதன் அழகிய செட்டைகள் ஓரங்களிலே கிழிந்து கரைகின்றன. உடனே எழும் கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" என்பதுதான்.

இம்மீனின் தாயகம் சீயம் எனப்பட்ட தாய்லாந்து. ஆழமற்ற சதுப்புகளிலும் நெல்வயல்களிலும் வாழ்வது. தலைக்குள்ளே உள்ள தனியுறுப்பொன்றினால் நீரின் மேற்பரப்புக்கு வந்து வளியை நேராகவே உள்ளெடுக்க அதற்கு இயலும். ஆகவே மற்ற மீன்கள் மூச்சுத் திணறும் நீரிலும் இது உடனே மடிந்துவிடுவதில்லை. இந்த ஆற்றலே அதற்குப் பகையாயிற்று. "இதற்குப் போத்தல் போதும், கெட்ட நீரையும் தாங்கும்" என்று விற்பவரும் வாங்குபவரும் சொல்லிக்கொள்ள இடங்கிடைத்தது. சாகாமலிருப்பதை வாழ்வதென்று எண்ணிக்கொள்ளும் இந்த மயக்கம் மீனோடு மட்டும் நிற்பதன்று.

முதலிலே நோயை இனங்காணவேண்டும். கிழிசலின் ஓரம் நேராகவும் நிறம் மாறாமலும் இருந்தால், கூரிய அலங்காரப் பொருளொன்று கிழித்திருக்கலாம். ஓரிரவிலே வாலிற் பெருந்துண்டு காணாமற்போனால் மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கலாம். மனிதன் தன் கண்ணுக்கு விருந்தாக வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நீண்ட செட்டைகளின் பாரமும், நெருக்கமான இடமும், கண்ணாடியில் ஓயாது தெரியும் தன் பிம்பமும் அதற்குத் தூண்டுதலாகலாம். ஓரங்கள் கறுத்தோ, சிவந்தோ, வெண்மையாகவோ தோன்றி நாளுக்கு நாள் உள்நோக்கி அரிக்கப்படுமானால், அதுவே செட்டையழுகல். பஞ்சுபோன்ற வெண்படலங் காணப்பட்டால் பங்கசு அல்லது வேறொரு பற்றீரியாத் தொற்று இருக்கலாம்.

செட்டையழுகலை உண்டாக்கும் பற்றீரியாக்கள் எங்கிருந்தோ படையெடுத்து வந்தவையல்ல. பெரும்பாலும் அவை நீரிலே எப்போதும் இருப்பவை. நலமுள்ள மீனை அவை வெல்வதில்லை. மீனின் கழிவிலிருந்தும் தின்னாது எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா பெருகுகிறது. நன்கு பழகிய தொட்டியின் வடிகட்டியிலே வாழும் வேறு பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. வடிகட்டியில்லாத சிறு போத்தலிலே அதற்கு இடமில்லை. நஞ்சு தேங்குகிறது, மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது.

மலைநாட்டிலே குளிரும் சேர்ந்துகொள்கிறது. இம்மீனுக்கு 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவினது. பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றினால், ஏற்கெனவே சோர்ந்த உயிரை இன்னுமொரு முறை தாக்கியவராவோம்.

ஆகவே சிகிச்சையின் முதற்படி நீர்தான். இருபது லீற்றரளவு கொள்ளும் பாத்திரம், மெல்லிய ஓட்டமுள்ள வடிகட்டி, நீரைச் சூடாக வைத்திருக்கும் கருவி ஆகியன தேவை. அழுகல் நீங்கும்வரை நாள்தோறும் நாலிலொரு பங்கு நீரையேனும் மாற்றவேண்டும். புது நீர் பழைய நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்கவேண்டும். குழாய்நீராயின் குளோரீனை நீக்கியபின்பே ஊற்றவேண்டும். லீற்றருக்கு ஒரு கிராம் அளவிலே, வேறெதுவுங் கலவாத உப்பைக் கரைத்துப் பத்து நாள்வரை இடலாம். தொடக்கநிலை அழுகல் பெரும்பாலும் இவ்வளவிலேயே நின்றுவிடும்.

மலையகத்தின் வரலாற்றிலே இதை ஒத்த நிகழ்ச்சியொன்றுண்டு. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்க றொக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் மலசலகூட வசதியற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணிலே வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துப் புழு மீண்டும் உடலேறியது. மருந்து கொடுப்பதற்கு உடன்பட்ட தோட்ட முதலாளிமார் பலர், மலசலகூடங் கட்டும் செலவென்றதும் தயங்கினர். மருந்துக்குச் செலவு சிறிது. மண்ணைத் திருத்துவதற்கோ இலாபத்தில் கைவைக்கவேண்டும். தொழிலாளரின் பழக்கவழக்கங்களே நோய்க்குக் காரணமென்று சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் மலிவாயிருந்தது.

மீனையும் மனிதனையும் ஒப்பிடுவது மனிதனைச் சிறுமைப்படுத்துவதாகாதா என்று கேட்கலாம். ஒப்புமைக்கு எல்லையுண்டு. போத்தலுக்குள் இருக்கும் மீன் தன் நீரைத் தானே மாற்ற இயலாது. நீர் முழுவதும் வளர்ப்பவன் கையிலே இருப்பதனால் பொறுப்பும் முழுவதும் அவனுடையதே. மனிதரோ ஒன்றுகூடிப் பேசவும், கேட்கவும், மறுக்கவும், தம் சூழலைத் தாமே மாற்றவும் வல்லவர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது பறிபோனது இந்த வலிமையின் பெரும்பகுதியே. ஆகவே இங்கே நாம் வினவவேண்டியவை இரண்டு: சூழலைக் கையில் வைத்திருப்பவர் யார்? அதிலே வாழ்பவருக்கு அதை மாற்றும் உரிமை எவ்வளவு? லயத்து அறைகளிலே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதனால் இவை பழைய வினாக்களல்ல.

எனினும் முற்போக்காளராகிய நமக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். "அடிப்படைக் காரணம் மாறினாலன்றி நோய் தீராது, ஆகவே மருந்து வீண்" என்று சொல்லிவிடுவது எளிது. அழுகல் செட்டையைக் கடந்து உடலைத் தொட்டுவிட்டால் நீர் மாற்றம் மட்டும் போதாது. அறிந்தவரைக் கேட்டு, உரிய பற்றீரியா எதிர்ப்பு மருந்தை உரிய அளவிலே, உரிய நாள்வரை கொடுக்கவேண்டும். அந்நிலையிலே மருந்தைத் தள்ளிப்போடுவது கொள்கையின் பெயரால் செய்யும் கொடுமை. காரணந் தெரியாமல் மருந்தைக் கொட்டுவதும் தீங்கே; அது வடிகட்டியிலுள்ள நல்ல பற்றீரியாக்களை அழிப்பதோடு, மருந்துக்கு மசியாத கிருமிகளையும் வளர்க்கும். இன்று நோயுற்றிருப்பவனுக்கு இன்றே மருந்து வேண்டும். அவன் மீண்டும் நோயுறாதிருக்க நீர் மாறவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவரை நாம் நம்பலாகாது.

குணமடையும் செட்டையின் ஓரத்திலே முதலில் நிறமற்ற மெல்லிய சவ்வொன்று வளரும். நிறம் ஏறப் பல வாரங்கள் செல்லும். 'குணமாகிவிட்டது' என்றெண்ணி நீர் மாற்றுவதை நிறுத்துபவர் பலர். அப்போது அழுகல் மீண்டும் தொடங்குவது அந்தப் புதுச் சவ்விலேதான்.