அடையாளம் தீர்ப்பாகுமா?

"இம்மருந்து இவனுக்குப் பயன்படாது" என்று மூளைப்படம் நோயின் தொடக்கத்திலேயே முன்னறிவித்துவிடுமாயின், அவ்வறிவை நாம் எவ்வாறு கையாளுதல் வேண்டும்? மனச்சிதைவு நோய் பற்றிய இன்றைய ஆய்வுகள் இவ்வினாவை நம் முன் வைக்கின்றன.

1952-இல் பாரிஸ் நகரில் மனநோயாளருக்குக் குளோர்புரோமசின் அளிக்கப்பட்டபோது மருத்துவத்தில் புதிய காலம் பிறந்தது. அவ்வழிவந்த மருந்துகள் மூளையில் டோபமைன் என்னும் பொருளின் செயலைத் தடுக்கின்றன. ஆயினும், மனச்சிதைவு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவை போதிய பலன் தருவதில்லை. 2012-இல் லண்டன் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பலன் பெற்றோரிடம் டோபமைன் உற்பத்தி மிகுந்தும், பெறாதோரிடம் இயல்பாகவும் காணப்பட்டது. மிகாத ஒன்றைத் தடுத்து ஆவதென்ன?

எனினும் இது சிறு குழுக்களின் சராசரிக் கணக்கே. தனியொருவனின் நாளையை உறுதியாய்ச் சொல்லும் சோதனை எதுவும் அன்றாட மருத்துவத்தில் இன்னும் நிலைபெறவில்லை.

சட்டவியல் கற்றோர் 'இல்லத்' எனும் காரணத்தையும் 'அலாமத்' எனும் அடையாளத்தையும் பிரித்தறிவர். மது விலக்கப்பட்டதன் காரணம் அதன் போதை. நிறமோ வெறும் அடையாளம். அதே நிறத்தில் தூய திராட்சைச் சாறும் உண்டன்றோ? நிறத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பவன் தவறிழைப்பான்.

அவ்வாறாயின் அடையாளத்தைப் புறக்கணிப்பதா? அதுவும் அறமன்று. பிற மருந்துகளுக்கு இணங்காத நோயாளரிடையே 1988-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், குளோசாபின் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேர் தேறினர்; குளோர்புரோமசின் பெற்றோருள் 4 பேரே. அம்மருந்து இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக்கூடும். ஆதலின் இரண்டு மருந்துகள் தோற்ற பின்னரே அதனை வழங்குவது வழக்கம். அக்காத்திருப்பில் இளைஞனின் கல்வியும் தொழிலும் கழிந்துபோகின்றன. நம்பத்தக்க அடையாளம் கிட்டுமாயின் அந்தக் காலம் மிச்சமாகும்.

ஆகவே வேறுபாடு அறிவில் இல்லை. அதைக் கொண்டு நாம் செய்வதில் உள்ளது. கவனத்தை விரைவுபடுத்தவும் வேறு மருந்தை முன்னதாக எண்ணிப் பார்க்கவும் அடையாளம் துணையாகட்டும். சிகிச்சையை மறுக்கவோ, 'இவன் தேறமாட்டான்' என்று பெற்றோர் கைவிடவோ, மணமும் வேலையும் மறுக்கப்படவோ அது சான்றாகலாகாது. முன்னதில் பிழை நேர்ந்தால் இரத்தப் பரிசோதனையோடு கண்காணித்துத் திருத்தலாம். பின்னதில் நேரும் பிழையைக் கண்டறியவும் வழியில்லை. கொடுக்கப்படாத மருந்து பலித்திருக்குமா என்பதை எவர் அறிவார்?