கூடுதல் ஒரு மணி நேரம்: ஈகையா, நீதியா?

மாலை நேர இலவச வகுப்பு ஒன்றை யாரேனும் தொடங்கும்போது அவரை வள்ளல் என்று வாழ்த்துகிறோம். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனை ஈகை என்று சொல்லி நிறைவுகொள்ளலாமா? ஈகை, கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. மனம் மாறினால் நின்றுபோவது. நீதியோ உரியவருக்கு உரியதைக் கொடுப்பது, கொடாதவர் கடன்பட்டவராகிறார். ஐந்தாம் வகுப்பில் அமர்ந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலாத குழந்தைக்கு நாம் கொடுப்பது இவற்றுள் எது?

“அனைவர்க்கும் ஒரே ஆசிரியர், ஒரே பாடநூல், ஒரே பாடவேளை. ஒருவனுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்க்கு அநீதி அன்றோ?” என்று வினவுவார் உளர். பங்கீட்டு நீதியில் சமம் என்பது எண்ணளவில் சமமன்று, விகித அளவில் சமம் என்று அரிஸ்டாட்டிலும், அவர் வழியில் புனித தாமஸ் அக்குவினாசும் தெளிவாக்கியுள்ளனர். எந்த அளவுகோலால் பங்கிடுவது என்பதே எஞ்சும் வினா. பதவியையும் பெருமையையும் பங்கிடத் தகுதி அளவுகோல் ஆகலாம். ஆனால் எழுத்தறிவு எல்லாக் குழந்தைகளும் அடைய வேண்டிய பொதுநலம். அங்கே தேவையைத் தவிர வேறு அளவுகோல் ஏது?

மேலும், கூடுதல் உதவி பெறாமல் முன்னேறும் மாணவர் மிகச் சிலரே. படித்த பெற்றோரின் இல்லத்தில் வீட்டுப்பாடத்தின் ஐயங்கள் அன்றன்றே தீர்கின்றன. அதற்கு எவரும் சிறப்பு வகுப்பு என்று பெயரிடுவதில்லை. வசதியுள்ளோர் டியூஷனுக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் பகலெல்லாம் உழைத்துத் திரும்பும், தாமே பள்ளி காணாத பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் பள்ளி மணியோடு கல்வி முடிந்துவிடுகிறது. ஆகவே கூடுதல் உதவி வேண்டுமா என்பதன்று கேள்வி. இப்போது அது யாருக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே கேள்வி.

இதனை உலகிற்கு உரக்கச் சொன்னவர்கள் சிறுவர்களே. 1954ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியிலுள்ள பார்பியானா என்னும் சிறு பங்கிற்கு அனுப்பப்பட்ட அருள்தந்தை லொரென்சோ மிலானி, ஏழை உழவர் பிள்ளைகளுக்காக அங்கே பள்ளி ஒன்றை நடத்தினார். அறிந்தவன் அறியாதவனுக்குக் கற்பித்தான். ஒருவனுக்கு விளங்கும்வரை மற்றவர் காத்திருந்தனர். அவருடைய மாணவர் எண்மர் எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967இல் வெளிவந்தது. தேர்வில் தள்ளப்பட்டோர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே என்பதை அவர்கள் புள்ளிவிவரங்களோடு நிறுவினர். அவ்வாண்டே மிலானி மறைந்தார்.

நம் நாட்டுச் சட்டமும் இதனைக் கடமையாகவே கொள்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் கணித்து, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. ஆயினும் இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் தொடக்கப்பள்ளிகளில் முழுச் சுமையையும் அவர்கள் தோளில் ஏற்றுவது முறையன்று. கடன் சமூகத்திற்கு உரியது. ஆசிரியர் அதனைச் செலுத்தும் கரம்.

அக்கடன் செலுத்த இயலாத ஒன்றுமன்று. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்னும் தொண்டு நிறுவனம், பள்ளிக் கல்வி முடித்த உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தது. பின்னர் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும் தம் துணை ஆய்வாளர்களோடு அதனை ஆராய்ந்தபோது, மிகவும் பின்தங்கியிருந்தோரே மிகுதியாக முன்னேறியிருக்கக் கண்டனர். தமிழகத்திலும் பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தத்தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பித்தனர்.

ஈகையா, நீதியா என்னும் வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று. கொடுக்கும் முறையிலேயே அது வெளிப்பட்டுவிடும். கடனைச் செலுத்துபவர், பெறுபவரை நாணச் செய்யலாகாது. ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியலைப் பலர் அறிய வாசித்துப் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும்போது, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கிறோம். தண்ணீர் சுமக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீடு விரையவேண்டிய சிறுமியை மாலை ஆறு மணிவரை நிறுத்திவைக்கும்போது, அவளுக்குரியதை அவளது இன்னலின் விலையில் கொடுக்கிறோம். 35 மதிப்பெண்ணுக்காகச் சில வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும்போதோ, நாம் பணிவிடை செய்வது பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டுக்கு, குழந்தைக்கு அன்று.

அப்படியாயின் அன்புக்கு இங்கே இடமில்லையா? உண்டு. எதைக் கொடுக்க வேண்டும் என்பதை நீதி சொல்கிறது. பத்தாம் முறை கேட்கும் பிள்ளைக்குப் பதினொன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுப்பது அன்பால்தான் இயலும். நீதியின் இடத்தை நிரப்புவதற்கு அன்று, அதனை முழுமையாக்குவதற்கே அன்பு வருகிறது. எனவே ஒரு குழந்தை தட்டுத்தடுமாறி ஒரு வரியை முதன்முறையாகத் தானே வாசித்து முடிக்கும்போது, அது நமக்கு நன்றி சொல்லவேண்டும் என எதிர்பாராதிருப்போம். நெடுநாள் நிலுவையிலிருந்த கடனில் ஒரு பகுதியையே அன்று செலுத்தியிருக்கிறோம்.